“இதுல வேர்ட் இருக்குங்களா, டீச்சர்?” – கட்டற்ற கணினிக்குள் அன்றாட மென்பொருள்கள் வந்து சேர்ந்த கதை



2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18-ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததை எவரும் மறந்திருக்க மாட்டோம். பள்ளிக் கதவுகள் மூடப்பட்டன. பாடங்கள் வீட்டுக்கு இடம்பெயர்ந்தன. அதுவரை கணினியே இல்லாதிருந்த குடும்பங்கள் கையிருப்பைத் திரட்டிக்கொண்டு பழைய மடிக்கணினிகளைத் தேடி அலைந்த காலம் அது. என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை கூலிமில் தொழிற்சாலை ஊழியர். தோட்டத்திலிருந்து பட்டணத்திற்குக் குடிபெயர்ந்த குடும்பம். அவர் சுங்கைப்பட்டாணியில் பழைய கணினி விற்கும் கடையொன்றில் மடிக்கணினி ஒன்றை வாங்கினார். அதில் முன்பு இருந்தது விண்டோஸ் 7. அதற்கான ஆதரவு அவ்வாண்டு சனவரி 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டிருந்தது. புதிய விண்டோசைத் தாங்கும் வலு அந்தக் கணினிக்கு இல்லை. ஆகவே கடைக்காரர் லினக்ஸ் மின்ட் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்துவிட்டார்.

அன்றிரவே எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது.

“டீச்சர், கடைக்காரர் என்னமோ லினக்ஸ்னு போட்டுக் கொடுத்திருக்காரு. இதுல வேர்ட் இருக்குங்களா? இல்லாட்டி நாளைக்கே கொண்டுபோய் மாத்திடறேன்.”

இயங்குதளம் எது, அதன் உரிமம் யாது என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் அவருக்கில்லை. கடிதம் எழுத முடியுமா, பயிற்றி அச்சிட முடியுமா, பிள்ளை தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா என்பதே அவர் அறிய விரும்பியது. இந்த ஒற்றைக் கேள்விக்கு விடை சொல்ல உலகெங்கும் பலர் பல்லாண்டுகள் உழைத்திருக்கின்றனர். அந்த வரலாற்றையும், நம் கெடா மாநிலப் பள்ளிகளின் பக்கம் அது எட்டிப் பார்த்த கதையையும் இங்கே எழுதி வைக்க விழைகின்றேன்.

சமையலறை இல்லாத வீடு

நம் பெற்றோர் நன்கறிந்த ஓர் உவமையிலிருந்து தொடங்குகின்றேன். தோட்டத்து லயத்து வீட்டை எண்ணிப் பாருங்கள். வேலை இருக்கும் வரையில் குடியிருக்கலாம். சுவரை இடித்து ஓர் அறை கூட்ட வேண்டுமானால் நிருவாகத்தின் அனுமதி வேண்டும். வேலை ஓய்ந்தாலோ தோட்டம் கைமாறினாலோ மூட்டை கட்ட வேண்டியதுதான். மூன்று தலைமுறை வாழ்ந்த வீடாயினும் அது நம் வீடாகாது. உரிமம் பெற்றுப் பயன்படுத்தும் மென்பொருளும் இத்தகைய குடியிருப்பே. ‘ஆதரவு முடிந்தது’ என்று நிறுவனம் அறிவிக்கும் நாளில் நாம் எழுந்து போக வேண்டியிருக்கிறது.

இதற்கு மாற்றாக, அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்டு ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் குனு திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எவரும் எந்நோக்கத்திற்கும் பயன்படுத்தலாம். உள்ளே அது எப்படி இயங்குகிறது என்று படிக்கலாம், மாற்றலாம். படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். மாற்றியதையும் பகிரலாம் என்பன அதன் கொள்கைகள். 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் என்னும் கருநிரல் இதனோடு சேர்ந்தது. வீடு எழும்பிவிட்டது. ஆனால், அந்த வீட்டில் அடுப்பும் இல்லை, அம்மியும் இல்லை! கருந்திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் தெரிந்த நிரலாளர்களுக்கு அது சொர்க்கம். கடிதம் எழுத வந்தவருக்கோ பூட்டிய கதவு.

செருமானிய மாணவர் மத்தியாஸ் எட்ரிக் 1996 அக்டோபரில் தொடங்கிய கேடிஇ திட்டமே இதில் முதல் பெரிய திருப்பம் எனலாம். லினக்சில் உள்ள ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு தோற்றத்தில், ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது. எளிய பயனருக்கு இது ஆகாது என்பதே அவருடைய குறை. சாளரம், பட்டியல், கோப்பு மேலாளர் எல்லாம் ஒரே முகத்தோடு அமைய வேண்டும் என்று அழைப்பு விடுத்தார். கேடிஇ நம்பியிருந்த கியூட்டி என்னும் கருவித்தொகுப்பின் உரிமம் அந்நாளில் முழுமையாகக் கட்டற்றதாக இல்லை. ஆகவே, மறு ஆண்டே மிகுவெல் டி இகாசாவும் ஃபெடரிக்கோ மேனாவும் குனோம் என்னும் மற்றொரு திட்டத்தைத் தொடங்கினர். பிற்காலத்தில் கியூட்டியின் உரிமச் சிக்கல் தீர்ந்தது. ஆயினும் இரண்டு பணிமேடைகளும் இன்றுவரை தனித்தனியே வாழ்கின்றன.

சொற்செயலி வந்த கதை இன்னும் சுவையானது. செருமனியில் மார்கோ போரிஸ் 1985-இல் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனம் ஸ்டார் ஆபிஸ் என்னும் அலுவலகத் தொகுப்பை விற்று வந்தது. 1999-இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. காரணம் என்ன தெரியுமா? ஏறத்தாழ 42,000 ஊழியர்களுக்கு மைக்ரோசாப்டு உரிமங்கள் வாங்குவதைவிட, ஒரு நிறுவனத்தையே வாங்கிவிடுவது மலிவு என்று சன் நிறுவனத்தின் சைமன் ஃபிப்ஸ் பின்னர் கூறியிருக்கின்றார். மாதக் கடைசியில் மளிகைக் கணக்குப் பார்க்கும் நம் தாய்மார்களுக்கு இந்த ஏரணம் நன்கு விளங்கும். 2000 அக்டோபர் 13-ஆம் நாள் அதன் மூலநிரல் ஓப்பன் ஆபிஸ் என்னும் பெயரில் உலகுக்குத் திறந்துவிடப்பட்டது. 2002 மே திங்களில் முதல் பதிப்பு வெளியாயிற்று. சன் நிறுவனம் ஆரக்கிளின் கைக்குப் போன பின், 2010 செப்டம்பரில் அதன் ஆர்வலர்கள் பிரிந்து லிப்ரே ஆபிஸ் என்று தனியே நடத்தலாயினர். மூலநிரல் திறந்தே இருந்ததால் அவர்களை எவராலும் வெளியேற்ற முடியவில்லை!

படம் திருத்தக் கிம்ப், காணொளி பார்க்க விஎல்சி, 2004 நவம்பரில் ஃபயர்பாக்சு உலாவி எனத் தட்டுமுட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இவை பெரும்பாலும் விண்டோசிலும் இயங்கின. நம்மில் பலர் கட்டற்ற மென்பொருளை முதன்முதலில் தொட்டது லினக்சில் அன்று. விண்டோசில் ஃபயர்பாக்சு வழியாகத்தான். முதலில் பானையும் கரண்டியும் மாறின. வீடு மாறுவது பிறகு. இதுவே இயல்பான வரிசை என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. அன்று அது எனக்குப் புலப்படவில்லை. அந்தத் தவற்றைப் பின்னர் சொல்கின்றேன்.

இடையில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த புதிதில் என் சொந்தக் கணினியில் இருந்த மென்பொருள்கள் யாவும் பாசார் மாலாமில் ஐந்து ரிங்கிட் கொடுத்து வாங்கிய கள்ள வட்டிலிருந்து நிறுவியவை. அந்தக் கணினியில் அமர்ந்துகொண்டுதான் நன்னெறிக் கல்விக்கு ‘நேர்மை’ என்னும் தலைப்பில் பயிற்றி தயாரித்தேன்! அப்போது உறுத்தவில்லை.

எழுத்து எங்கே அமர்ந்திருக்கிறது?

வேர்டுக்கு மாற்று வந்துவிட்டது. ஆனால் தமிழாசிரியருக்கு அது போதுமா? போதாது. சொற்செயலியைத் திறந்ததும் அதில் தமிழ் தெரிய வேண்டும்; தட்டச்சு செய்ய வேண்டும்; பத்தாண்டு கழித்துத் திறந்தாலும் அதே எழுத்து அதே இடத்தில் இருக்க வேண்டும். இங்குதான் நம் இனத்தாரின் உழைப்பு இந்த வரலாற்றில் நுழைகின்றது.

கணினித் தமிழில் மலேசியாவுக்குச் சிறப்பிடம் உண்டு. முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு, பின்னாளில் முரசு அஞ்சலாக வளர்ந்து நம் ஆசிரியர்களின் கைவிரல்களுக்குத் தமிழைப் பழக்கியது. அண்டை நாடாம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் முறையை உருவாக்கித் தமிழை இணையத்தில் ஏற்றினார். ‘இணையம்’ என்னும் சொல்லையே அவர்தாம் வழங்கினார் என்பர். இருப்பினும் அந்நாளில் ஒரு பெருங்குறை இருந்தது. ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் வடிவங்களைத் தன் விருப்பம்போல் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இருக்கைகளில் அமர்த்தி வைத்தது. கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகள் தமிழ் முகமூடி அணிந்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் கோப்பைத் திறந்தால் முகமூடி கழன்று, பொருளற்ற குறிகள் பல்லிளிக்கும்.

இக்குழப்பத்தைத் தீர்க்கப் பல முயற்சிகள் நடந்தன. மின்மடல் குழுக்களில் விவாதித்து டிஸ்கி என்னும் குறியாக்கத்தை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற மாநாட்டின் பயனாக டாப், டாம் குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2000-இல் உத்தமம் அமைப்புத் தோன்றியது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. மறுபுறம், 1991-இலேயே வெளிவந்த யூனிகோடு தமிழுக்கென 128 இடங்களைத் தனியே ஒதுக்கியிருந்தது.

லினக்சுக்குத் தமிழ் முதலில் வந்தது யூனிகோடின் வழி அன்று, டிஸ்கியின் வழி என்பது பலர் அறியாத செய்தி. அதன் காரணத்தை ஆசிரியர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். ‘கொ’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் எழுதும்போது முதலில் ஒற்றைக் கொம்பு, அடுத்துக் ‘க’, அதன் பின் கால். டிஸ்கி இந்தப் பார்வை வரிசைப்படியே எழுத்தைச் சேமித்தது. ஆகவே எழுத்துரு ஒன்றிருந்தால் போதும், திரையில் தமிழ் தெரிந்துவிடும். யூனிகோடோ ஒலி வரிசைப்படி ககரத்தை முதலில் வைத்து, உயிர்க்குறியை அடுத்து வைக்கும். அதைத் திரையில் காட்டும்போது குறியைப் பிரித்துக் ககரத்தின் இருபுறமும் அமர்த்தும் அறிவு கணினிக்கு வேண்டும். அந்த அறிவு லினக்சில் அன்று இல்லை.

2000-ஆம் ஆண்டில், கேடிஇ திட்டத்தின் ஹான்ஸ் பெட்டர் பீக்கர் என்பவர் கியூட்டிக்கான டிஸ்கி மாற்றியை எழுதிக் கொடுத்தார். கேடிஇயின் இரண்டாம் பதிப்புக் காலத்திலேயே பட்டியல்களில் தமிழ் எழுந்தது. ஒலி வரிசையைப் புரிந்துகொள்ளும் அறிவைக் குனோமுக்குப் பாங்கோ என்னும் நூலகம் வழங்கியது. ‘அனைத்தும்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லையும் ‘மொழி’ என்னும் சப்பானியச் சொல்லையும் இணைத்துச் சூட்டிய பெயர் அது. தமிழ்99 முதலிய விசைப்பலகைகளை லினக்சில் தட்ட வழிசெய்த எம்17என் என்னும் நூலகமும் சப்பானிய ஆய்வு நிறுவனம் ஒன்றில் பிறந்தது. எழுத்துருக்களில் ரெட்ஹாட் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட லோகித் வரிசையில் தமிழும் இடம்பெற்றது. அதற்கு முன்பே துக்காராம் கோபால்ராவ் கட்டற்ற உரிமத்தில் எழுத்துருக்களை வழங்கியிருந்தார்; அவற்றுள் ஒன்றுக்குப் ‘பரணர்’ என்று பெயர். சங்கப் புலவரின் பெயர் லினக்சு அடைவுக்குள் இருப்பதை முதன்முதல் கண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

எழுத்து வந்தது, சொல்? பட்டியலில் உள்ள ஒவ்வொரு கட்டளைக்கும் தமிழ்ப்பெயர் வேண்டும். இந்தப் பணியைத் தன்னார்வலர்களே செய்தனர். முகுந்தராஜ் தொடங்கிய ‘தமிழா!’ குழுவினர் எ-கலப்பை விசைப்பலகையை இலவயமாக வழங்கியதோடு, ஓப்பன் ஆபிஸ், மொசில்லா மென்பொருள்களைத் தமிழாக்கும் பணியிலும் இறங்கினர். 2005 ஏப்ரலில் இந்திய அரசு சென்னையில் வெளியிட்ட தமிழ் மென்பொருள் வட்டில் ஓப்பன் ஆபிசின் தமிழ் வடிவமும் ஃபயர்பாக்சும் எழுத்துருக்களும் இருந்தன. கோப்பு, தொகு, சேமி, அச்சிடு என்று இன்று நாம் தயங்காமல் சொல்லும் சொற்கள் நிலைபெற்றதில் இவர்களின் பங்கு பெரிது. ஒருவர் ‘அடைவு’ என்பார். மற்றவர் ‘கோப்புறை’ என்பார். ஒருவருக்கு ‘பணிமேடை’; இன்னொருவருக்கு ‘மேசைத்தளம்’. நம் பிள்ளைகளுக்கோ சுட்டி என்றாலும் தெரியும், மவுஸ் என்றாலும் தெரியும், மலாயில் தெத்திக்குஸ் என்றாலும் தெரியும். எச்சொல் நிலைத்தாலும் நன்றே. சொல்லே இல்லாதிருப்பதுதான் குறை.

பெயரிடுவதில் எல்லாரையும் விஞ்சியவர்கள் ஸ்பெயின் நாட்டவர். அந்நாட்டில் எக்ஸ்ட்ரமதுரா என்று ஒரு மாநிலம். வேளாண்மையை நம்பியிருந்த, வளம் குன்றிய பகுதி. 2002-இல் அம்மாநில அரசு லின்எக்ஸ் என்னும் சொந்த இயங்குதளத்தை உருவாக்கிப் பள்ளிகளில் நிறுவியது. அதில் சொற்செயலிக்குத் தம் மண்ணின் கவிஞரான எஸ்ப்ரொன்சேதாவின் பெயரையும், படம் திருத்தும் கிம்ப் மென்பொருளுக்குத் தம் மண்ணின் ஓவியரான சுர்பரானின் பெயரையும் சூட்டினர்! குழந்தை கடிதம் எழுத வேண்டுமானால் கவிஞரைச் சொடுக்க வேண்டும். நம் பள்ளியில் சொற்செயலிக்கு எவர் பெயரை வைக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பது ஓர் இன்பமான பொழுதுபோக்கு.

கெடாவில் நடந்தது

இனி நம் ஊருக்கு வருவோம். 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. கணினிக்கான சில்லுகளும் உறுப்புகளும் உருவாகும் இடத்திற்குத் தோட்டத்துப் பிள்ளைகள் பேருந்தேறி வேலைக்குச் சென்றனர். அவர்கள் படித்து வந்த தமிழ்ப்பள்ளிகள் பலவற்றிலோ கணினிக்கென ஓர் அறைகூட இல்லை. 2003-இல் அறிவியல், கணிதப் பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியபோதுதான் அரசு வழங்கிய மடிக்கணினியும் ஒளிவீச்சுக் கருவியும் பரவலாக வகுப்பறைக்குள் நுழைந்தன. அவற்றில் இருந்தது விண்டோஸ். வட்டுகளில் இருந்தது ஆங்கிலம்.

மறு ஆண்டு, 2004 சூலையில், அந்நாளில் பிரதமர் துறையின் கீழிருந்த மாம்பு அமைப்பு பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. நிறைகுறைகள் சமமாக இருப்பின் திறமூலத்திற்கே முன்னுரிமை என்று அது கூறியது. தாள் அளவில் அருமையான கொள்கை. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த உபுண்டு, கேட்டவர்க்கெல்லாம் வட்டுகளை இலவயமாக அஞ்சலில் அனுப்பியது. 2011 வரை அந்தச் சேவை நீடித்தது. வெளிநாட்டு அஞ்சல் தலையோடு தடித்த உறையொன்று தோட்டத்துப் பள்ளி முகவரிக்கு வந்து சேர்ந்ததைக் கண்டு அலுவலகப் பணியாளர் வியந்தது இன்றும் கண்முன் நிற்கிறது.

அப்போது நான் பணியாற்றிய பள்ளிக்கு நன்கொடையாக ஆறு பழைய கணினிகள் கிடைத்திருந்தன. அவற்றுள் நான்கு மட்டுமே உபுண்டுவைத் தாங்கின. பட்டணத்து இணைய மையத்தில் டக்ஸ் பெயின்டு என்னும் குழந்தைகளுக்கான ஓவிய மென்பொருளைப் பதிவிறக்கி வட்டில் எடுத்து வந்தேன். அதைத் திறந்ததும் வகுப்பே கலகலத்தது. பென்குயினும் வண்ணங்களும் ஒலியும் கண்டு, அடுத்த வேளைப் பாட மணி அடித்தும் எவரும் எழுந்திருக்கவில்லை. ஆசிரியர் அறையில் ‘கட்டற்ற மென்பொருளும் விடுதலையும்’ என்று ஒரு சிற்றுரையே ஆற்றினேன். சக ஆசிரியர்களும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டனர்.

மூன்றாம் வாரம் எல்லாம் முடிந்தது. மேலிடத்திலிருந்து தேர்வுப் புள்ளிகளைப் பதியும் விரிதாள் ஒன்று வந்தது. அதனுள் மேக்ரோ எனப்படும் குறுநிரல்கள். பொத்தானை அழுத்தினால் மொத்தமும் தர வரிசையும் தாமே வந்து விழ வேண்டும். ஓப்பன் ஆபிசில் பொத்தான் தெரிந்தது. அழுத்தினோம், ஒன்றும் நடக்கவில்லை. மீண்டும் அழுத்தினோம். தலைமையாசிரியர் கடிந்துகொள்ளவில்லை. “நல்ல முயற்சிதான் டீச்சர். ஆனா ரிப்போர்ட்டை எப்படி அனுப்பறது?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் விடை இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. மறுநாள் இரண்டு கணினிகளில் பழையபடி விண்டோஸ் ஏறியது. எஞ்சிய இரண்டும் ஓவியத்திற்கு மட்டும் என்றாயின.

என் தவறு எங்கே என்று பின்னர் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கின்றேன். பிள்ளைகளுக்கு ஓவியத்தையும் ஆசிரியர்களுக்குக் கொள்கையையும் காட்டினேன். ஆசிரியர்களின் அன்றாட வேலையான வினாத்தாள், வருகைப் பதிவு, புள்ளிப் பட்டியல் ஆகியவற்றில் எது திறக்கும், எது திறக்காது என்று முன்கூட்டியே பார்த்து வைக்கவில்லை. முதலில் அவர்களுடைய விண்டோசிலேயே ஓப்பன் ஆபிசை நிறுவி ஓராண்டு பழக்கியிருக்க வேண்டும்.

கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் எப்படி வேரூன்றியது என்று படித்தபோது இது உறுதிப்பட்டது. அங்குப் பள்ளிக் கணினிகளை மட்டும் மாற்றவில்லை. பாடநூலும் ஆசிரியர் பயிற்சியும் பத்தாம் வகுப்புத் தேர்வும் கட்டற்ற மென்பொருளுக்கே மாறின. ஆகவே, ‘ரிப்போர்ட்டை எப்படி அனுப்புவது’ என்னும் கேள்விக்கே அங்கு இடமில்லாமல் போயிற்று. தமிழகத்திலும் எல்காட் நிறுவனம் உமாசங்கர் தலைமையில் லினக்சுக்கு மாறியதுண்டு. 2011 முதல் அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசோடு பாஸ் லினக்சும் இருந்தது. இரண்டும் இருந்தால் பிள்ளைகள் எதைத் திறப்பர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டில் வேறொரு வேடிக்கை நிகழ்ந்தது. 2013 வாக்கில் பள்ளிகளுக்குக் குரோம்புக் மடிக்கணினிகள் வரத் தொடங்கின. அவற்றின் அடியில் இயங்குவது லினக்ஸ் கருநிரலே! எந்தக் கொள்கை உரையும் இன்றி, எவரும் பெயரைக்கூட அறியாமல், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் லினக்சைப் பயன்படுத்தினர். ஆனால் கோப்புகள் பிள்ளையின் கணினியில் இல்லை. எங்கோ தொலைவிலுள்ள நிறுவனத்தின் கிடங்கில் இருந்தன. வீட்டின் அடித்தளம் மட்டும் நம்முடையது. மேலே கட்டியதெல்லாம் மீண்டும் லயத்து வீடு. இதை வெற்றி என்பதா என்று எனக்குத் துணிபில்லை.

மீண்டும் அந்த மடிக்கணினி

நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்ததும் அந்தத் தந்தை மகளையும் மடிக்கணினியையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். லிப்ரே ஆபிசைத் திறந்து காட்டினேன். “இதுதான் வேர்டா?” என்றார். “வேர்ட் செய்யறதைச் செய்யும், அண்ணே” என்றேன். சேமிக்கும்போது எந்த வடிவைத் தேர்ந்தால் மற்ற ஆசிரியர்களின் வேர்டிலும் திறக்கும் என்று மாணவிக்குக் காட்டினேன். திறந்த ஆவண வடிவம் 2006-இலேயே அனைத்துலகத் தரமானது என்றெல்லாம் இம்முறை விரிவுரை ஆற்றவில்லை. அமைப்புகளுக்குள் சென்று தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தேன். பிள்ளை தன் பெயரைத் தட்டினாள். பிறகு தந்தையின் பெயரை. பட்டியலின் மொழியைத் தமிழுக்கு மாற்றியதும் ‘கோப்பு’ என்பதை வாய்விட்டுப் படித்தாள். “இதுக்கெல்லாம் மாசா மாசம் காசு கட்டணுங்களா டீச்சர்?” என்பதே தந்தையின் கடைசிக் கேள்வி. இல்லை என்றேன். சற்று நேரம் நம்பாமல் பார்த்தார்.

அந்த மாணவி இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கின்றாள்; மடிக்கணினி இன்னும் ஓடுகிறதாம். 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டதால், வேறு சில பெற்றோர்கள் அதே கேள்வியோடு என்னிடம் வரத் தொடங்கியிருக்கின்றனர். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, “வீட்ல தினமும் எந்தெந்தக் கோப்பைத் திறக்கிறீங்க? எழுதிக்கிட்டு வாங்க” என்பதுதான். பட்டியலைப் பார்த்த பிறகே கணினியைத் தொடுகின்றேன். வங்கி, அரசு படிவம் ஏதேனும் தடுக்குமானால் மாற்ற வேண்டா என்று சொல்லியும் அனுப்பியிருக்கின்றேன்.

என் பட்டியலும் ஒன்றுண்டு. 2003 முதல் 2006 வரை நான் தயாரித்த வினாத்தாள்களும் சிறுவர் கதைகளும் ஒரு காலணிப் பெட்டி நிறைய நெகிழ்வட்டுகளில் கிடந்தன. சென்ற பள்ளி விடுமுறையில் அவற்றைத் திறக்க முயன்றேன். டிஸ்கியில் இருந்தவை சுரதாவின் பொங்குதமிழ், என்எச்எம் மாற்றி ஆகியவற்றின் துணையால் யூனிகோடுக்கு வந்துவிட்டன. நான்காம் ஆண்டு இலக்கண வினாக்கள் முழுமையாக மீண்டன. ஆனால் ஒன்பது கோப்புகள் எந்த மாற்றிக்கும் இசையவில்லை. அன்று சக ஆசிரியை ஒருவர் கொடுத்த எழுத்துரு. அதன் பெயர் அவருக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. திரையில் வரிசை வரிசையாக ஆங்கிலக் குறிகளே தெரிகின்றன. அவற்றுள் இரண்டுக்கு மட்டும் அச்சிட்ட தாள் பழைய கோப்பில் அகப்பட்டது. அதைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்து வருகின்றேன்.